மவன் கொத்துல தொங்குன என் வேன் சாவி

ஒன்பது நாளா என் வேன் சாவி என் மவன் சாவிக்கொத்துல தொங்குச்சு. எனக்கு வயசு எழுபது, அவனுக்கு நாப்பத்திரெண்டு. வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, நடுவுல என் சாவி. அவன் நடக்கும்போதெல்லாம் கிலுகிலுன்னு சத்தம் வரும். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

நடந்தது இதுதான். செம்பூர்ல எங்க பில்டிங் கேட்டுக்குள்ள வேனை ரிவர்ஸ் எடுத்தேன். பிரேக்குல கால் வச்சேன், கால் சரியாப் பதியல. டமார்னு தூண்ல இடிச்சுட்டேன். பின்னாடி லைட் நொறுங்கி, வாட்ச்மேனோட பிளாஸ்டிக் நாற்காலி அப்பளமாப் போச்சு. அப்பத்தான் அவர் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருந்தார். யா அல்லா! அவர் மட்டும் அதுல உக்காந்திருந்தா?

"வயசாயிட்டு." எல்லாரும் இதையே சொன்னாங்க. மவன் வந்து கையை நீட்டினான். "உம்மா, போதும், இனி ஓட்ட வேண்டாம். எங்க போகணும்னாலும் சொல்லுங்க, போன்ல ரிக்‌ஷா வரவழைச்சுத் தாறேன்."

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துட்டு. இவன் வாப்பா மௌத்தான பிறகு தாராவியில தோல் பை ஒர்க்‌ஷாப்பைக் கட்டி இழுத்தவ நான். நாப்பது வயசுல வண்டி ஓட்டப் படிச்சு, பை மூட்டையை ஏத்திக்கிட்டு குர்லா சந்தெல்லாம் நுழைஞ்சு வந்தவ. இப்ப ஒரு இடத்துக்குப் போகணும்னா நான் இவன் மூஞ்சியைப் பாக்கணுமா? அதுலயும் புதன்கிழமை. நெருள்ல என் லாத்தா இருக்கா. அக்காவை நாங்க லாத்தான்னுதான் சொல்லுவோம். அவளால வீட்டைவிட்டு வெளிய வர முடியாது, என் முட்டி ஸ்டேஷன் படி ஏறாது. வாரம் ஒரு நாள் நான் வேன்ல போனாத்தான் நாங்க முகத்தோட முகம் பாக்க முடியும். அந்த வாரம் போகல. "ஏன்ளா வரல?"ன்னு போன்ல கேட்டா. வண்டி ரிப்பேர்னு பொய் சொன்னேன்.

அன்னைக்கே மவன்கிட்ட வாயை விட்டேன். "ஏல, டிரைவிங் ஸ்கூல்ல படிச்சுக்குடுக்கிற ஆளைக் கூட்டிட்டு வா. என் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். ஓட்டக்கூடாதுன்னு சொன்னா வேனை வித்துப் போடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." சொல்லி முடிச்ச பிறகுதான், நெசமாவே வித்துட்டான்னா என்ன செய்யன்னு தோணுச்சு. வாய்க்கொழுப்பு, வேற என்ன?

அவன் லேசுப்பட்டவன் இல்ல. முதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். புரை ஆரம்பிச்சிருக்காம். புதுக் கண்ணாடி எழுதிக் குடுத்து, பொழுது சாஞ்சா ஓட்டக்கூடாதுன்னார். சரின்னேன். ராத்திரியில எனக்கு எங்க போற சோலி?

ஞாயித்துக்கிழமை காலையில அந்த டீச்சர் வந்தா. ஐம்பது வயசு மராத்திக்காரி, தலைமுடியை இழுத்துக் கட்டிக்கிட்டு, சிரிப்பே இல்ல. முதல்ல அவ ஸ்கூல் காரைக் குடுத்தா. அணுசக்தி நகர் பக்கம் அகலமான ரோடு, நெரிசல் இல்ல. நான் ஓட்டுனேன் பாருங்க, பூ மாதிரி! கியர் மாத்துனது தெரியாது, நிறுத்துனது தெரியாது. பின்சீட்டுல என் மவன், கூரையில இருக்க கைப்பிடியைத் தொங்குற மாதிரி பிடிச்சுக்கிட்டு, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தான். "ஏக்தம் பர்ஃபெக்ட், மௌசி"ன்னா டீச்சர். ரொம்பச் சரியா இருக்கு, சித்தின்னு அர்த்தம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

திரும்பி வந்ததும், "இப்ப உங்க வண்டி"ன்னா.

மவன் கொத்தோட சாவியைத் தந்தான். நான் குதிச்சு ஏறி உக்காந்தேன். ரெண்டாவது திருப்பத்துல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. மிதிச்சேன். கால் வழுக்கிச்சு. டீச்சர் ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு இழுத்தா. வேன் குலுங்கி நின்னுச்சு. நாய் எங்களை ஒரு பார்வை பாத்துட்டு அது பாட்டுக்குப் போச்சு.

வேன் கண்ணாடியில என் மவன் முகம் தெரிஞ்சுச்சு. கோபமா இருந்தாத் தாங்கியிருப்பேன். பாவமாப் பாத்தான். எஞ்சினை அணைச்சேன். "வித்துப் போடுல"ன்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன்.

அதுக்குள்ள டீச்சர் இறங்கி வந்து, என் கதவைத் திறந்து, காலடியில தலையை விட்டுப் பாத்தா. "மௌசி, யே க்யா ஹை?" என்ன இதுன்னு கேட்டு பிரேக்கைக் காட்டுனா.

எங்க ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். தோல் துண்டு மிச்சம் விழுந்தா கை சும்மா இருக்காது. டிபன் டப்பாவுக்கு உறை, ரேடியோவுக்கு உறை, தையல் மிஷின் மூடிக்கு உறை. பெருநாளுக்கு எல்லாரும் சேந்து என் வேனுக்கு மாட்டிவிட்டாங்க. சீட்டுக்கு ரெண்டு விரல் தடிமன் பஞ்சு வச்சு உறை. மூணு பெடலுக்கும் குழந்தைக்கு சாக்ஸ் மாட்டுன மாதிரி தச்சு, பாலிஷ் போட்ட உறை. மாஷா அல்லா, என்ன அழகுன்னு தெருவையே கூப்பிட்டுக் காட்டுனேன். தூண்ல இடிச்சது அதுக்கு அடுத்த வாரம்.

என் கால்ல கிடக்கறதும் எங்க ஒர்க்‌ஷாப்புல செஞ்ச தோல் செருப்பு. தோல் மேல தோல் வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே! பஞ்சு வேற என்னைத் தூக்கிவிட்டு, நுனிக்கால்தான் எட்டியிருக்கு. சவம், நானும் வயசாயிட்டுன்னு நம்பிட்டேனே!

என் பையில தோல் வெட்டுற கத்தி எப்பவும் கிடக்கும். அங்கயே ரோட்டோரம் குத்தவச்சு உக்காந்து அறுத்தேன். எங்க ஆளுங்க தையல் லேசுல பிரியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு அறுத்தேன். சீட்டு உறையை உருவி மவன் மடியில எறிஞ்சேன். செருப்பையும் கழட்டச் சொல்லிட்டு, தன் பையில வச்சிருந்த ரப்பர் ஷூவை மாட்டிவிட்டா டீச்சர். அவளோடது. கொஞ்சம் பெருசுதான், கயித்தை இறுக்கிக் கட்டுனா.

"அஞ்சு தடவை பிரேக் போடுங்க"ன்னா. போட்டேன். அஞ்சு தடவையும் கல்லு மாதிரி நின்னுச்சு வேன். "ஏல, பாத்தியா! பாத்தியா!"ன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரிக்‌ஷாக்காரன் திரும்பிப் பாத்தான்.

டீச்சர் இப்பவும் சிரிக்கல. "எல்லாத்தையும் தோல் தலையில கட்டாதீங்க, மௌசி. உங்க கழுத்து முழுசாத் திரும்பல. பின்னாடி வாறது தெரிய, வேனுக்குப் பெரிய கண்ணாடி மாட்டுங்க. ரிவர்ஸ் எடுக்கும் முந்தி இறங்கிப் போய்ப் பாருங்க. அடுத்த வருசம் எங்கிட்ட திரும்ப ஓட்டிக் காட்டுங்க." கடுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா வாட்ச்மேன் நாற்காலி கண்ணு முன்னால வந்துச்சு. சரின்னு தலையாட்டுனேன்.

அவ ஸ்கூல் கார் நின்ன தெருமுனையில அவளை இறக்கிவிட்டு, ஷூவை நாளைக்குத் தாறேன்னுட்டு, எங்க பில்டிங்குக்கு வந்தேன். கேட்டுக்கிட்ட நிறுத்தி, இறங்கி, பின்னாடி போய்ப் பாத்தேன். வாட்ச்மேன், நான் வாங்கிக் குடுத்த புது நாற்காலியைத் தானே தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கிட்டார். வேனை மெதுவா உள்ள எடுத்தேன். தூண் ஒரு முழம் தள்ளி நின்னுச்சு.

"இறங்குல, வந்தாச்சு"ன்னேன். திரும்பிப் பாத்தா, என் மவன் தூங்கிட்டான். வாயைத் திறந்துக்கிட்டு, கைப்பிடியை விட்டுட்டு, ரெண்டு கையும் மடியில கிடந்த உறை மேல.

எழுப்ப மனசு வரல. வண்டியில இருந்து கொத்தை உருவி, என் சாவியை மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டேன். மிச்சத்தைச் சத்தம் வராம அவன் சட்டைப் பையில போட்டேன்.