மண்வெட்டிக் காம்பில் அப்பா வைத்த சூடு

பழுக்கக் காய்ச்சிய அரிவாள் நுனி மரத்தில் பதியும்போது ‘சுர்’ரென்று ஒரு சத்தமும், கண்ணைக் கரிக்கும் புகையும் எழும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எந்த வீட்டில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த வாடையை வைத்தே சொல்லிவிடலாம். வாய்க்கால் வெட்ட ஊரே இறங்கும்போது மண்வெட்டிகள் மாறிப்போகாமலிருக்க வீட்டுக்கு ஓர் அடையாளம் உண்டு. அதற்குச் ‘சூடு’ என்று பெயர். பண்ணையாருடையதில் வட்டம். எங்கள் அப்பாவுடையதில் மூன்று கீற்று, ஒரு புள்ளி, இரும்பிலிருந்து ஒரு சாண் தள்ளி.

காம்பு முறிந்தால் எனக்குக் கொண்டாட்டம். கருவேலங் கிளையை அப்பா செதுக்கித் தர, உடைந்த கண்ணாடிச் சில்லால் வழவழப்பாகச் சுரண்டுவது என் வேலை. “கையிலே சிலாம்பு ஏறக் கூடாதுடி, இன்னும் கொஞ்சம் தேய்” என்பார். பிறகு ஆப்பு அடித்து, மரம் ஊறி இறுகட்டும் என்று வாய்க்காலில் போட்டுவைப்பார்.

குத்தகைக்காரர்களின் பேரைப் பதியச் சொல்லிச் சட்டம் வந்திருந்த காலம் அது. பேர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு யாரும் கிளப்ப முடியாது. ஒரு பக்கம் செங்கொடி, மறுபக்கம் பண்ணையாரின் ஆட்கள். டீக்கடை பெஞ்சுகூட இரண்டு கட்சியாகப் பிரிந்துகிடந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா பண்ணையாரிடம் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தார். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. “அவன் கூலிக்கு வெட்டுற ஆளு” என்று பண்ணையார் மறுத்துவிட்டதால், நேரில் விசாரிக்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நிலம் போனால் எங்களுக்குச் சோறு இல்லை. அம்மா அந்த நாட்களில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பார்த்து வைத்தாற்போல, அவர் வருவதற்கு மூன்று நாள் முன்பு காம்பு முறிந்தது. அவசரத்துக்குப் பச்சைக் கிளையையே செதுக்கிப் போட்டார் அப்பா. “பச்சையிலே சூடு வச்சா வெடிச்சுப்போகும், காயட்டும்” என்று விட்டுவிட்டார்.

அதிகாரி வரப்பில் நின்றபடியே விசாரித்தார். விவரமானவர். “மண்வெட்டி யாருது?” என்று கேட்டார். கூலிக்காரர் பண்ணை மண்வெட்டியை எடுப்பார், குத்தகைக்காரர் தன்னுடையதைக் கொண்டுவருவார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அப்பா நீட்டினார். மொட்டைக் காம்பு.

“சூடு எங்கே? முந்தாநாள் நாங்கதான் சார் புதுக் காம்பு போட்டுக் குடுத்தோம்” என்றார் பண்ணையின் காரியக்காரர், கூசாமல். உண்மை தெரிந்த பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டார்கள். நாளைக்கு அவர்களும் பண்ணையார் முகத்தில்தானே விழிக்க வேண்டும்!

“பழைய காம்புல இருந்துச்சுங்க அய்யா.”

“அப்ப அதைக் கொண்டாங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “அடுப்புல வச்சிட்டியா?” “நான் எடுக்கலையே” என்றாள் அம்மா. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முறிந்த முனை கூராக இருந்ததால், ஆடு கட்ட அதை முளையாக அடித்தவள் நான். சூடு மண்ணுக்குள் இருந்தது.

ஓடினேன். முளை அசையவில்லை. நகம் பிய்யப் பறித்துப் பிடுங்கினேன். கயிற்று முடிச்சு அவிழ மறுத்ததால், முளையோடு ஆட்டையும் இழுத்துக்கொண்டு வரப்புக்கு வந்து சேர்ந்தேன்.

அதிகாரி கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தார். மூன்று கீற்று, ஒரு புள்ளி. வியர்வை பட்டுப்பட்டுக் கறுத்திருந்தன. பக்கத்து வயல் சாமிக்கண்ணு மாமா அப்போதுதான் தொண்டையைச் செருமினார். “அது அவரு சூடுதாங்க. இத்தனை வருஷமா அவருதான் பயிர் வைக்கிறாரு.” ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்களும் சொன்னார்கள். அப்பா பேர் ஏறியது. அதற்குள் ஆடு நாற்றை மேயத் தொடங்கியிருந்தது. அதை விரட்ட யாருக்கும் தோன்றவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே அழுதார்.

பின்னாளில் அந்த நிலத்தை அப்பாவே வாங்கினார். அவருக்குப் பிறகு அது எனக்கு வந்தது. நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். செல்வம் என்பவர் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். வாய்க்காலை இப்போது ஜேசிபி வாருகிறது. செல்வத்தின் மண்வெட்டிக்கு இரும்புக் குழாய்க் காம்பு. முறியாது, சூடும் கிடையாது.

“அக்கா, ஒரு குத்தகைச் சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா பயிர் இன்சூரன்சுக்கு ஆவும்” என்று ஒவ்வொரு அறுப்புக்கும் கேட்கிறார். “பார்க்கலாம் செல்வம்” என்கிறேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு வரப்பில் நின்றவர்களைப் போலக் கீழே பார்த்துக்கொள்கிறேன்.