கரண்ட் பட்ட கரும்புச்சாறு

கரும்புச்சாறு விற்கிறவளுக்குக் கடிகாரம்தான் முதல் எதிரி. இரண்டாவது எதிரி, எனக்கு மெஷின் விற்ற நீ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெஷினை இறக்கினாய், டீ குடித்தாய், சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

மோர், நன்னாரி, இளநீர் என்று எதையாவது விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பதினாறு வருஷம் கரும்பு வண்டி போட்டவள் நான். பிழிந்த சாறு அரை மணியில் கறுக்கும், சாயங்காலத்துக்குள் புளிக்கும். காய்ச்சினால் கெடாது, ஆனால் வெல்லப்பாகு வாசனை வந்துவிடும், ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். நீ விற்ற மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. சாறு குழாயில் ஓடும்போதே மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகப் பாயும். கிருமியின் தோல் பொத்தலாகிச் செத்துப்போகும், ருசி அப்படியே நிற்கும். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்து, குளிரில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும் என்றாய். வண்டியை விற்றேன். வாலாஜாபாத் ரோட்டில் ஷெட் பிடித்தேன்.

பேரம்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. மீதியெல்லாம் அடிபட்டுக் கற்றது. கரும்புக் கட்டோ ஐஸ் கட்டியோ, சொன்ன விலைக்கு எதையும் வாங்கிய பழக்கம் கிடையாது. மெஷினுக்கும் அப்படித்தான். மூன்று தடவை எழுந்து வாசல் வரைக்கும் போனேன், மூன்று தடவையும் திரும்பக் கூப்பிட்டாய். கடைசியில் இங்கிலீஷில் அச்சடித்த தாளை எடுத்து, நடுவில் ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, புது விலையை எழுதிக் கையெழுத்துக் கேட்டாய். என் கண் விலையில் இருந்தது. அடித்த வரியில் இல்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்தபடி சொன்னாய்: "உங்ககிட்ட யாராலக்கா ஜெயிக்க முடியும்?"

முதல் பாட்டில்

ராஜகுளத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் முனுசாமி அண்ணனை வண்டிக் காலத்திலிருந்தே தெரியும். எந்தக் கடைக்காரரும் கை வைக்காத என் பாட்டிலுக்குத் தன் ஃப்ரிட்ஜில் முதல் தட்டையே ஒதுக்கிக் கொடுத்தவர் அவர். கலர் பாட்டிலை எல்லாம் கீழே தள்ளிவிட்டார்.

ஆனால் ஊரில் 'கரண்ட் ஜூஸ்' என்று பேர் பரவிவிட்டது. குடித்தால் ஷாக் அடிக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. களை எடுத்துவிட்டு வந்த நாலு பெண்களிடம், மின்சாரம் மெஷினோடு சரி, பாட்டிலில் சாறு மட்டும்தான் என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர்களில் மூத்தவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்: "வூட்டுல ஃபேன் சுத்தறதுக்கே கரண்டு இல்ல, நீ ஜூஸுல வுட்டுக்கினு கீறியா?"

நுரை

மெஷினைப் பார்த்துக்கொள்ள கூரம் கிராமத்திலிருந்து செல்வி வந்தாள். பிளஸ் டூ முடித்தவள், அதிகம் பேச மாட்டாள். கரும்புச்சாறு நுரைக்கும் சாதி. நுரையிலிருக்கும் காற்றுக்குமிழி குழாய்க்குள் போனால் உள்ளே பொறி பறந்து, டப்பென்று மெஷின் நின்றுவிடும். முதல் வாரம் பத்துத் தடவை நின்றது. பத்துத் தடவையும் செல்வியைத்தான் திட்டினேன். பாவம், அவளாகவே துணியில் வடித்து, நுரை அடங்க விட்டு, மேலே நின்றதை வழித்துப் போட்டு ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள்.

பொறி அடங்கிய நாளில் மெஷினைச் சுற்றித் துடைத்துக்கொண்டே வந்தவள், பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். என்னடி என்றேன். இரும்புச் சட்டத்தில் விரலை விட்டுக் காட்டினாள்: "இந்த நாலு போல்ட்டு ஓட்டை எதுக்குக்கா சும்மா கீது?"

உப்பிய பாட்டில்

இருபது நாளில் ஒன்பது கடை பிடித்தேன். அப்புறம் ஒருநாள் ராஜகுளத்திலிருந்து போன் வந்தது. வாயும் வயிறுமாக இருந்த ஒரு பெண் பாட்டிலைத் திறந்ததும் பொங்கி, புடவையெல்லாம் புளித்த நாற்றமாம். நல்லவேளை, வாயில் வைக்கவில்லை. போய்ப் பார்த்தால் தட்டிலிருந்த அத்தனை பாட்டிலும் தவளை மாதிரி உப்பிக்கிடந்தது.

பெட்டிக்கடைக்காரர்கள் கடை சாத்தும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போவது நமக்குத் தெரியாததா? அந்த ஆத்திரத்தில் ஜனங்கள் நிற்கும்போதே முனுசாமி அண்ணனைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். கஞ்சன் என்றேன், பொய் பேசுகிறாய் என்றேன். ஒருநாளும் அணைத்ததில்லை என்று இரண்டு முறை நிதானமாகச் சொன்னார். அப்புறம் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கூடையில் அடுக்கினார்: "ஃப்ரிட்ஜுல மட்டும் இல்லம்மா, இனிமே என் கடை வாசல்லயும் உனுக்கு எடம் கெடையாது."

அடித்த வரி

அதே வாரம் வாலாஜாபாத் பேக்கரியிலும் உப்பியது. அந்த ஃப்ரிட்ஜ் ராப்பகலாக ஓடுகிறது என்பது எனக்கே தெரியும். ஷெட்டுக்குத் திரும்பியபோது, மெஷினிலிருந்து வந்த பாட்டிலைச் செல்வி என் கன்னத்தில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மின்சாரம் பாய்ந்தால் சாறு சூடேறும், வெளியே வந்த நிமிஷமே குளிரவைக்க வேண்டும். நாங்கள் அந்தச் சூட்டோடு கிரேட்டில் அடுக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சாகாமல் தப்பிய கிருமியெல்லாம் வழியிலேயே குடும்பம் பெருக்கிவிட்டது.

செல்வி அந்தத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். நீ பேனாவால் அடித்த வரி, சாற்றைக் குளிரவைக்கும் பெட்டி. அந்த நாலு ஓட்டையில் உட்கார வேண்டியது அதுதான். உடனே போன் போட்டுக் கத்தினேன். நீ குரலைக்கூட உயர்த்தவில்லை: "நீங்கதானேக்கா கொறைக்கச் சொன்னீங்க, கொறைச்சேன்."

இப்போது ஷெட் பூட்டிக்கிடக்கிறது. செல்வி ரைஸ் மில்லுக்குப் போகிறாள். ராஜகுளம் வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. செய்யாத தப்புக்கு அந்த மனுஷனை நடுத்தெருவில் நிற்கவைத்த வாயை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

விலையை இறக்கியது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலையோடு எதை இறக்கினாய் என்று தெரிந்தவன் நீ ஒருத்தன்தான் என்பதால், பெட்டியைக் கொண்டுவந்து அந்த நாலு போல்ட்டையும் முடுக்கிவிட்டு, முனுசாமி அண்ணன் கடை வாசலில் நின்று தப்பு அவர் ஃப்ரிட்ஜில் இல்லை என்று உன் வாயால் சொல், இந்த ஒன்றில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன்.