எதிர்த் தட்டில் வந்த குரல்

போன மாதம் ஒரு காலை, கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகளுக்கு ஊசலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க" என்றார். ஆடிக்கொண்டிருந்த ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்பேன். இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அவரைச் செந்துறைப் பக்கத்துக் கிராம நர்ஸாக அறிந்திருப்பீர்கள். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரையும் தடுப்பூசிக்கு வரவழைக்கும் குரல் அது. "பயந்தா ஊசி பெருசாத்தான் தெரியும், இங்க வா" என்பார். அந்தக் குரல் என்னிடம் மட்டும் இரண்டு ஆண்டுகள் நின்றுபோயிருந்தது.

தவறு என்னுடையது. அவர் மகள் கயலைப் பெண் பார்க்க வந்தவர்கள் பொருத்தம் பேசிக்கொண்டிருந்தபோது, ஜாதகத்துக்கும் கிரகங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் கேட்காமலே விளக்கினேன். அவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். அதன்பின் ஒரே அறையில் இருந்தாலும் எங்கள் பேச்சு கயல் வழியாகத்தான். "ஒங்க அத்தைய சாப்புடச் சொல்லு." "பசிக்கலன்னு சொல்லு." சம்பந்தம் போனதில் கயலுக்கு வருத்தமில்லை; தூது போவதில்தான் அலுத்துப்போனாள்.

போன வருட விடுமுறையில் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியை மூடியிருந்த கடலைப் பற்றி அறிவியல் கலைக் கண்காட்சி நடந்தது. குடும்பமாகப் போனோம். வெறும் வெளிச்சத்தைக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள் என்பதே என் எண்ணம். உள்ளே இருட்டு. கால் வைத்த இடத்திலிருந்து நீல அலைகள் விரிந்தன. சுருள் சங்குகள் ஒளியாகப் புரண்டு ஒதுங்கின. அண்ணி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார்.

"யம்மா, அது வெறும் வெளிச்சம். நனையாது" என்றாள் கயல்.

"தெரியும்டி. அரியலூரு முச்சூடும் கடலா கெடந்துச்சாமே. அதுக்கு ஒரு மரியாத வேணாமா?"

சிரித்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் என் கணுக்காலிலும் குளிர் ஏறியது. இயற்பியல் நடத்துகிறவள் இதை எழுதக் கூடாது.

மண்டபத்தின் இரு கோடியிலும் ஆளுயரக் குழிந்த தட்டுகள் எதிரெதிரே நின்றன. ஒன்றின் முன் முணுமுணுத்தால் மற்றதன் முன் கேட்கும். கயல் எங்களை ஆளுக்கொரு தட்டின் முன் நிறுத்தினாள். "எனக்கு வாய் வலிக்குது, இனிமே நீங்களே பேசிக்கங்க." தட்டைப் பார்த்து நின்றால் ஒருவருக்கொருவர் முதுகுதான் தெரியும். எங்களுக்கு அது பழகிய நிலைதான்.

பிறகு காதோரம்: "இந்தத் தட்டுகிட்டதான் சொல்றேன், யாருகிட்டயும் பேசல. கோவம் போயி ரொம்ப நாளாச்சு. எப்புடி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. கேக்குதா?"

அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்பதே எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கேக்குதுங்க அண்ணி" என்பதற்கு மேல் வரவில்லை.

பிறகு எப்போது போன் செய்தாலும், லைன் தெளிவாக இருந்தாலும், "கேக்குதா?" என்றே தொடங்குவார். ஒருநாள் துணிந்து, "அண்ணி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "அதான் அந்தத் தட்டுலயே கேட்டுச்சே, விடு" என்று வெட்டிவிட்டார்.

சொல்லாத வார்த்தை எதிர்த் தட்டில் கேட்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தமக்குக் கேட்டது என்று அவர் சொன்னதை மட்டும் நான் சோதித்துப் பார்க்கப்போவதில்லை. அந்த உரத்த குரலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லியது என்னிடம் இருக்கட்டும்.