அக்கா சுற்றிய வெல்டிங் டிரான்ஸ்பார்மர்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் பழகிய சனங்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

அக்கா நல்லம்பள்ளிப் பக்கம் பிறந்தார். கேழ்வரகுக் காட்டில் களை எடுத்து வளர்ந்தவர். கம்பைநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். சோறு கொண்டுபோன இடத்தில் கம்பி பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தவர், பத்து வருடத்தில் மாமா செய்யும் வேலையெல்லாம் தானும் செய்தார். மாமா திடீரென்று காலமானபோது பெண்பிள்ளைக்கு ஏழு வயது.

அக்காவின் கொழுந்தனார் கடைக்குப் பூட்டு வாங்கி வந்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. பொம்பளை கட்டிய காயிலை யார் நம்பி மாட்டுவார்கள் என்ற பயம். அப்போது கிரில் பட்டறைக்காரர் ஒருவரின் வெல்டிங் டிரான்ஸ்பார்மர் எரிந்து கடையில் கிடந்தது. இதைச் சுற்றித் தருகிறேன், ஓடாவிட்டால் நானே கடையைப் பூட்டுகிறேன் என்றார் அக்கா.

அது வேலை செய்யும் விதத்தை அக்கா எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டு காயில் இருக்கும். ஒன்றையொன்று தொடாது. வீட்டுக்கு வரும் கரண்டு கண் இமைக்கும் முன் பல தடவை திசை மாறி ஓடுவது. அது முதல் காயிலில் ஓடினால் இரும்பில் காந்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் மற்ற காயிலில் கரண்டை எழுப்பும். முதல் காயில் மெல்லிய கம்பியில் நிறையச் சுற்று, மற்றது தடித்த கம்பியில் கொஞ்சம் சுற்று. அதனால் வோல்டேஜ் இறங்கி, ஆம்பியர் ஏறி, இரும்பையே உருக்கும். சுற்று தப்பினால் எல்லாம் தப்பு.

பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைச் சொம்பில் போட்டு எண்ணுவார். இருநூறைத் தாண்டியிருந்த நேரம் நான் போய், காபி வேணுமா என்று கேட்டுவிட்டேன். கடைசிக் கொட்டையைப் போட்டாரா இல்லையா என்று எண்ணிக்கை விட்டுப் போயிற்று. என்னைத் திட்டவில்லை. அத்தனையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினார்.

பட்டறைக்காரர் வந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. அவருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்து தடித்த கம்பிப் பக்கம் மாட்டினார். மெல்லிய கம்பிப் பக்கம், சுவிட்ச் போர்டில் எரியுமே அந்தச் சின்ன சிவப்பு விளக்கை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. கொழுந்தனார் பூட்டைக் கையில் எடுத்தார்.

"ஏம்மா, கம்பியச் சுத்தச் சொன்னா கொண்டைக்குப் பூச் சுத்துனாப்பல சுத்தி வெச்சிருக்கறயே" என்றார் பட்டறைக்காரர்.

அக்கா பதறவில்லை. "பேட்டரி கரண்டு ஒரே சீரா ஓடறதுங்கண்ணா, அதுல ஆட்டமே இல்ல. நிக்கற மாட்டுக் கழுத்துல மணி அடிக்குங்களா? தலைய ஆட்டுனாத்தானுங்க அடிக்கும்."

சொல்லிவிட்டு, விளக்கை அப்படியே கட்டிவைத்து, பேட்டரிக் கம்பியைத் தொடவைத்து வெடுக்கென்று எடுத்தார். எடுத்த நொடியில் விளக்கு மின்னியது. மறுபடி தொட்டு எடுத்தார், மறுபடி மின்னியது. கரண்டு அறுந்ததும் காந்தம் சட்டென்று இறங்குகிறது, அந்த அசைவில் அடுத்த காயில் விழித்துக்கொள்கிறது என்று விளக்கினார். பட்டறைக்காரர் கம்பியை வாங்கித் தானும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், விடவே மனம் இல்லை. மதியம் கரண்டு வந்தது. வெல்டிங் ராடு வைத்த இடத்தில் பொறி பறந்தது. பட்டறைக்காரர் அன்றைக்கே ஒரு இரும்புக் கேட்டை ஒட்டி முடித்தார்.

அதற்குப் பிறகு அரூர், தீர்த்தமலைப் பக்கமிருந்தெல்லாம் அக்கா பெயரைச் சொல்லி வேலை வந்தது. மகளைப் படிக்க வைத்தார், தொழிலும் கற்றுக்கொடுத்தார். கடைசி மாதங்களில் கை நடுங்கினாலும், மகள் கட்டிய காயிலை விரலால் தடவி, தளர்ந்த இடத்தைச் சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணை இருந்த பெண்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த பட்டறைக்காரருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருவுக்கும் இந்தக் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள், இனிக் கடையை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். பதில் சொன்னவர் கொழுந்தனார்தான்.

"எங்கண்ணி கடைய எதுக்குப் பூட்டறது? ரெண்டு மோட்டாரு வந்து கெடக்குது, புள்ள போயிச் சுத்தட்டும்."

அவர் சொல்லி முடிக்குமுன் அக்கா மகள் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.