வெளியில் தொங்கிய பூட்டு

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஜலகண்டாபுரத்தில் நூலுக்குப் பெரும் தட்டுப்பாடு. நான் காவல் இருந்த நூல் கடையின் முதலாளி, நூல் சிப்பங்களை எல்லாம் தம் வீட்டு அறைக்கு மாற்றினார். கூடவே கடைப் பூட்டையும் கொண்டுவந்து வீட்டுக் கதவில் வெளிப்புறமாகப் பூட்டினார். உள்ளே அவர் மனைவி இருந்தார்.

"கடையப் பாத்த மாதிரியே பாத்துக்க. நான் வராம பூட்டுல கை வெக்காத" என்று சொல்லிவிட்டு, சாவியோடு சேலத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சன்னலில் அந்த அம்மாவின் முகம் தெரிந்தது. "சிப்பத்துக்கு அடியில இருந்த பாம்பு கடிச்சிருச்சுங்கண்ணா. கதவத் தொறங்க."

பெண்களிடம் நிமிர்ந்து பேசவே கூசுகிறவன் நான். ஆனாலும் கடப்பாரையால் பூட்டை உடைத்து, அவரை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் சேர்த்தேன்.

மாலையில் திரும்பிய முதலாளி நேரே அறைக்குள் போய்ச் சிப்பங்களைச் சரிபார்த்தார். "தொறந்து போட்டுட்டுப் போயிருக்கியே, நூலு போயிருந்தா உங்கப்பனா தருவான்?"

"அம்மா பொழச்சுக்கிட்டாங்க, மொதலாளி."

"கேள்விப்பட்டேன். நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

கடைக்குள் சரக்கு இருக்கிறது, வெளியே பூட்டுகிறோம். வீட்டுக்குள் ஆள் இருப்பதால் தாழ்ப்பாளை உள்ளே வைக்கிறோம். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு நடந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தத் தெரு வழியே போனேன். கதவில் இன்னும் பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது.

இப்போதும் பூட்டிய வீட்டைக் கண்டால், சற்று நின்று காது கொடுத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.