எவ்வளவு ஆழம் தோண்டுகிறீர்கள்?

இது நடந்தது 2011ஆம் ஆண்டு மே மாதம், சுவிஸின் பாசல் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வாடகைத் தோட்டத்தில். பல வருடம் காத்திருந்து கிடைத்த துண்டு நிலம் அது. கீரையும் மிளகாயும் போட்டுவிட்டு, பாவற்கொடிக்கு ஒரு பந்தல் போடலாம் என்று குழி தோண்டக் கனத்த இரும்பு அலவாங்கைக் கையில் எடுத்த நாளிலிருந்துதான் எனக்குத் தலையிடி தொடங்கியது.

பக்கத்துத் தோட்டம் ஒரு சுவிஸ் கிழவருடையது. நாங்கள் மண்வெட்டியால் கொத்தினால் அந்த மனிதர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். அலவாங்கு மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டால் போதும், வேலியோரம் வந்து நின்றுவிடுவார். கேட்பதும் ஒரே கேள்விதான்: எவ்வளவு ஆழம் தோண்டுகிறீர்கள்? பந்தற்கால் நடப்போகிறோம் என்றேன். அதற்கு இவ்வளவு ஆழம் எதற்கு என்றார். 'உனக்கென்ன வந்தது?' என்று வாய்வரை வந்தது. ஜெர்மன் மொழியில் அதைச் சூடு குறையாமல் சொல்லத் தெரியாததால் தப்பினார்.

இலங்கையில், எங்கள் ஊரில், யுத்தம் முடிந்து அப்போது இரண்டு வருடம். வன்னியில் என் அண்ணாவின் குடும்பம் முகாமில் பட்ட பாட்டைக் கேட்டுக் கேட்டு, நோட்டம் பார்ப்பவர், கேள்வி கேட்பவர் எவரையும் நான் நம்புவதில்லை என்றாகியிருந்தது. தோட்டச் சங்கத்துக்குக் கோள் மூட்டி எங்கள் நிலத்தைப் பறிக்கத்தான் இவர் வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். என் கணவர் சிரித்தார்.

"உமக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம்தான். தனிச்ச மனுசன், கதைக்க ஆளில்லாமல் வாறார்."

"ஓமோம், உங்களுக்கு எல்லாரும் நல்லவை!"

பிறகு ஒரு நாள் காலை, வழக்கத்தைவிட நேரத்தோடு போனோம். கிழவர் எங்கள் தோட்டத்துக்குள் நிற்கிறார்! கையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. மண்ணில் மெதுவாகக் குத்துவதும் இழுப்பதுமாக இருந்தார். எங்களைக் கண்டதும் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு தன் தோட்டத்துக்குப் போய்விட்டார். "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கணவரைக் கேட்டேன்.

எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு நகைகளைப் பால்மா டின்னில் போட்டுக் கிணற்றடியில் புதைத்துவிட்டுத்தான் ஓடினோம். திரும்பிப் போய்த் தேடியபோது நாங்களும் இப்படித்தான் கம்பியால் குத்திப் பார்த்தோம். ஆகவே கிழவர் இங்கே எதையோ ஒளித்திருக்கிறார், இப்போது இடம் தெரியாமல் தேடுகிறார்! பந்தலாவது மண்ணாவது என்று, அடுத்த சனிக்கிழமை அவர் குத்திய அதே இடத்தில் அலவாங்கை இறக்கினேன்.

ணங் என்றது.

"இஞ்சை ஓடி வாங்கோ, பெட்டி ஒண்டு!" என்று கத்தினேன். கணவருக்கு முன்னால் கிழவர்தான் வந்தார். வேலியைத் தாண்டும்போது விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு எழும்பி, என் அலவாங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் இழுக்க, அவர் விடவில்லை. கள்ளன் பிடிபட்டான் என்ற ஆத்திரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார். "குண்டு" என்றார், அவரது மொழியில், ஒரே ஒரு சொல். குழிக்குள் பார்த்தேன். துரு ஏறிய இரும்பு, அதன் முனையில் மீனின் செட்டை போலத் தகடுகள். கடவுளே, அது என்னவென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அலவாங்கை அவரிடமே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

பொலிஸ் வந்தது, ரயில்கள் நின்றன, சுற்று வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். நாங்கள் மூவரும் தூரத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் கிழவர் வாய் திறந்தார். உலக யுத்தத்தின்போது அவர் சின்னப் பையனாம். சண்டையில் சேராத இந்த நாட்டின் மேலும், வழி தவறிய விமானங்கள் குண்டு போட்டிருக்கின்றன. அவரது அக்கா அதற்குப் பிறகு ஒரு நாளும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் போனதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. தோட்டக்காரர்களைப் பயப்படுத்தாதே என்று சங்கமும் அதட்டியிருக்கிறது. அதனால்தான் ஆழத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆளில்லாத நேரம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

சில வருடங்களில் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு, வன்னியில் திரும்பக் குடியேறிய அண்ணா ஒரு நாள் தொலைபேசியில், வீட்டு வளவுக்குள் புதிதாகக் கிணறு வெட்டப்போவதாகச் சந்தோசமாகச் சொன்னார். என் வாயில் முதலில் வந்தது, "எவ்வளவு ஆழம் தோண்டுறியள்?" என்பதுதான். அண்ணா குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏன் கேக்கிறாய்? இஞ்சை நகை ஏதும் தாட்டு வைச்சனியோ?"

யுத்தம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும், எவ்வளவு ஆழம் வரைக்கும் என்றுதான் இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.