தோட்டம் உண்டு

1. முதல் நாள்

கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் நலன்புரி உத்தியோகத்தராகச் சேர்ந்த முதல் நாள், வருகிறவர்களிடம் விபரம் கேட்டு எழுதும் வேலையைத் தந்தார்கள். முதலாவதாக வந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்.

"எங்க இருக்கிறீங்க?"

"தோட்டத்துலதான் மிஸ்."

நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். அப்பா அம்மா யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் விளைகிற காணி.

"கொழும்பிலயும் தோட்டமோ! என்ன போட்டிருக்கிறீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஏழு பிள்ள போட்டிருக்கன் மிஸ்."

அலுவலகமே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் ஒரு சந்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எல்லாருக்கும் ஒரு குழாய், ஒரு கக்கூஸ் வரிசை. பேருக்குக்கூட ஒரு மரம் இராது. சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் இதே இரண்டு அர்த்தம்தான்.

அந்தச் சந்துகளில் குடையோடு அலைந்த காலம் போல ஒன்று எனக்கு இனி வராது. எந்த வாசலில் நின்றாலும் பால் விடாத பிளேன்டீ வரும். வேண்டாமென்றால் கோபம் வரும். இப்போது பென்ஷனோடு வெள்ளவத்தையில் கடற்காற்று வாங்குகிறேன். பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவரின் பெயர் தெரியாது.

2. பிலோமினாவின் அப்பீல்

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு பழைய நிவாரணத்தை நிறுத்திவிட்டுப் புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். வீடு வீடாகக் கேட்டுப் போனில் பதிய வேண்டும். யார் மெய்யாகவே ஏழை என்று கொம்பியூட்டர் புள்ளி போட்டுத் தெரிவு செய்யும். யோசனையில் பிழை சொல்ல மாட்டேன். பழைய திட்டத்தில் அரசியல்வாதியின் மச்சானும் ஏழையாகத்தான் இருந்தார்.

புதுப் பட்டியலில் பிலோமினாவின் பெயர் இல்லை. மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிற விதவை. ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிறாள்.

"திங்கக்கெழம பிள்ளய கார்மண்ட்ஸுக்குத் தைக்க அனுப்பப் போறன் மிஸ். வேற வழியில்ல" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். 'தோட்டம் உண்டு, பரம்பரைச் சொத்து' என்று பதிந்திருந்தது. கணக்கெடுத்த தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவன். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவவேதான் சொன்னவ அக்கா. காணி, தோட்டம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான். அம்மம்மா காலத்துல இருந்தே தோட்டந்தான் எண்டவ."

ஏச வாயெடுத்தவளுக்கு அந்த ஏழு பிள்ளைக்காரர் ஞாபகம் வந்தது. ஏசாமல் அப்பீல் எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன்.

எங்கள் மேலதிகாரி சிங்களவர். அவருடைய திரையில் அது இங்கிலீஷில் கார்டன் என்று நின்றது. காணி உள்ளவருக்கு எப்படிக் கொடுப்பது என்றார். நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். முடியாதென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"சேர், எயா இன்னே வத்தே!" என்றேன். அவள் வத்தையில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

அவருடைய பேனா நின்றது. "மமத் ஹெதுனே வத்தே" என்றார், மெதுவாக. அவரும் தெமட்டகொடையில் ஒரு வத்தையில் வளர்ந்தவராம். இத்தனை வருடத்தில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

அப்பீலில் அன்றே கையெழுத்து விழுந்தது. ஆனால் சிஸ்டத்துக்குத் தெமட்டகொடை தெரியாதே. பணம் வர மாதக்கணக்காயிற்று. திங்கட்கிழமை அதுவரை காத்திருக்குமா?

பணம் வந்ததும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மகள் கார்மண்ட்ஸில் இருப்பாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்படிச் சமாளிச்சனீங்க?" என்றேன்.

"பிள்ளய வேலைக்கு அனுப்பினா எங்க வாசல மிதிக்காதன்னு அக்கம்பக்கத்து வீட்டாளுங்க ஏசிட்டாங்க மிஸ்" என்றாள் பிலோமினா. "ராவைக்கு ஃபாத்திமா ராத்தா வீட்டுச் சோறு. டியூஷன் காசு முன்வீட்டு குமாரி அக்கா. என்னய ஒரு வார்த்த பேச விடல."

பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்தத் தம்பி எழுதினது பிழையில்ல மிஸ். எனக்குத் தோட்டம் இருந்திச்சுதானே."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தேநீர் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒரு சொல்லைப் பதிவதற்கு முன்னால் அந்த வாசலில் நின்று ஒரு பிளேன்டீ குடியுங்கள். பிலோமினா சொன்ன அந்தத் தோட்டம் உங்களுக்கும் தெரியவரும். ஆனால் தயவுசெய்து அதை மட்டும் சிஸ்டத்தில் ஏற்றிவிடாதீர்கள். சொத்து இருக்கிறதென்று அவளை மறுபடியும் வெட்டிவிடும்.